கேம் பாயை வாத்தியமாக்கியவர்கள்: குன்பெய் யோகோய் கேட்காமல் போன இசை

மேல் விளிம்பில் இருக்கும் சின்ன சுவிட்சைத் தள்ளினால் போதும். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தத் திரையில் நின்டெண்டோ என்ற பெயர் மேலிருந்து மெதுவாக இறங்கி நடுவில் வந்து நிற்கும். 'டிங்' என்று ஒரு சத்தம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 90-களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் டெட்ரிஸோ மரியோவோ வரும். ஆனால் அதே கேம் பாயை ஒரு பெரிய ஸ்பீக்கரோடு இணைத்துக்கொண்டு மேடையில் நிற்கிறவருக்கு எந்த விளையாட்டும் வருவதில்லை. எண்களும் எழுத்துகளும் அடுக்கடுக்காக நிற்கும் ஒரு கட்டம்தான் வருகிறது. அதில் அவர் கட்டைவிரல் ஓட ஓட, கீழே கூட்டம் குதிக்கிறது.

இதுக்குப் பேர் சிப்ட்யூன். பழைய கணினிகள், வீடியோ கேம் கருவிகளுக்குள் இருக்கும் சின்ன ஒலி சிப்பை வைத்தே இசையமைப்பது. கமோடோர் 64, அமிகா மாதிரியான வீட்டுக் கணினிகளில் 80-களிலேயே இது தொடங்கிவிட்டது. ஆனா இன்றைக்கு சிப்ட்யூன் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கேம் பாய்தான். கையடக்கம், விலை குறைவு, நாலு பேட்டரி போட்டால் எங்கே வேண்டுமானாலும் பாடும்.

அந்தக் கேம் பாயின் பின்னால் இருந்தவர் குன்பெய் யோகோய். 1997-ல் ஒரு நெடுஞ்சாலை விபத்தில் இறந்துபோனார். கேம் பாயை இசைக்கருவியாக மாற்றிய முதல் முக்கியமான மென்பொருள் வெளியே தெரிய வந்தது 1998-ல். தன் கருவிக்கு இப்படி ஒரு இரண்டாவது வாழ்க்கை இருக்கிறது என்று தெரியாமலே போன ஒருத்தரின் கதை இது.

சீட்டுக் கம்பெனியில் ஒரு மெக்கானிக்

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10-ம் தேதி, கியோட்டோவில். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனங்களில் வேலை கேட்டுப் பார்த்தார், எதுவும் அமையவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பெனியில் 1965-ல் சேர்ந்தார். அந்தக் கம்பெனிதான் நின்டெண்டோ.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய நின்டெண்டோவுக்கும் வீடியோ கேமுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1889-ல் தொடங்கப்பட்ட அது, ஹனாஃபுடா என்ற பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரித்து விற்ற கம்பெனி. எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரியான யோகோய்க்குக் கிடைத்த வேலை, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது. இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை.

சும்மா இருக்கிற நேரத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு விளையாட்டுப் பொருள் செய்துகொண்டார். பெருக்கல் குறி மாதிரி ஒன்றோடொன்று கோத்த பட்டைகள். இந்த முனையில் பிடியை அழுத்தினால் அந்த முனை சர்ரென்று நீண்டுபோய் எதிரில் இருப்பதைக் கவ்வும். ஒருநாள் ஆலைக்கு வந்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். தன் அறைக்கு வரச்சொன்னார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே போனார் யோகோய். கிடைத்ததோ உத்தரவு: இதையே விற்பனைப் பொருளாகச் செய்துகொண்டு வா.

1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மெக்கானிக் அப்படியே பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அப்புறம் வந்ததில் எனக்குப் பிடித்தது 1969-ல் வந்த 'லவ் டெஸ்டர்'. ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, ஆளுக்கு ஓர் உலோகக் குமிழைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டும். உள்ளே இருப்பது உடம்பு வழியே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கும் சாதாரண மீட்டர்தான். வியர்த்த கை என்றால் முள் நன்றாகவே நகரும்! ஆய்வுக்கூடத்தில் எந்த மாணவனும் பார்த்திருக்கக்கூடிய பழைய கருவி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வேறு இடத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

வாடிப்போன தொழில்நுட்பம்

இந்த 'வேறு இடத்தில் வைப்பது'தான் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. அதற்கு அவர் வைத்த ஜப்பானியப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று வரும். வாடிப்போனது என்றால் செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை. எல்லாரும் பயன்படுத்தி, எங்கே மக்கர் பண்ணும் என்று தெரிந்து, விலையும் இறங்கிப்போன தொழில்நுட்பம். புதுசு புதுசாக வருகிற சிப்புக்கும் திரைக்கும் பின்னால் ஓடாதே, பழசை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கு பெரிய அளவில் பலித்த முதல் இடம் 'கேம் அண்ட் வாட்ச்'. புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த ஓர் அலுவலக ஆசாமி பொழுதுபோகாமல் பாக்கெட் கால்குலேட்டரின் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 70-களில் கால்குலேட்டர் நிறுவனங்களுக்குள் கடும் விலைப்போட்டி. எல்.சி.டி. திரையும் சிப்பும் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டன. அதே திரை, அதே சிப், உள்ளே எண்ணுக்குப் பதிலாக ஒரு குட்டி விளையாட்டு இருந்தால்?

யோசனையைத் தலைவரிடம் சொல்ல வாய்ப்பு வந்ததும் வேடிக்கையாகத்தான். யமாவுச்சியின் ஓட்டுநர் வராத ஒருநாள், காரை ஓட்டுவதற்கு யோகோயைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். தலைவர் பெரிதாகக் காது கொடுத்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அன்று அவர் போன கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர். கால்குலேட்டர் திரை தயாரிப்பதில் முன்னணியில் இருந்த நிறுவனம். விஷயம் அங்கேயே பேசப்பட்டுவிட்டது.

1980-ல் முதல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. அந்த வரிசை மொத்தமாக 4 கோடிக்கும் மேல் விற்றது. 1982-ல் வந்த 'டாங்கி காங்' பதிப்புக்காகச் சின்ன இடத்தில் நான்கு திசைக்கும் நகர ஒரு வழி தேவைப்பட்டது. கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பட்டனை வைத்தார் யோகோய். இன்றைக்கு உலகத்தில் விற்கும் கேம் கன்ட்ரோலர்களில் இடது கட்டைவிரலுக்குக் கீழே அது இருக்கிறது. கேம் பாயில் இசையமைக்கிறவரின் கட்டைவிரலும் ஓடுவது அதே பட்டன் மேல்தான்.

ஒரே ஆள் செய்ததா?

பொதுவாக யோகோயைக் கேம் பாயின் தந்தை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். கதை கொஞ்சம் வேற. அவர் தலைமை தாங்கியது நின்டெண்டோவின் முதல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு. அங்கே அவரோடு சடோரு ஒகாடா என்ற பொறியாளர் இருந்தார். ஒகாடா பிற்காலத்தில் சொன்னபடி பார்த்தால், யோகோய் மனதில் இருந்தது கேம் அண்ட் வாட்சின் அடுத்த கட்டம் மாதிரி மலிவான, எளிமையான ஒரு பொம்மை. கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் போட்டுப் பல வருடம் ஓடக்கூடிய, வெளியாட்களும் விளையாட்டுகள் எழுதக்கூடிய முழுமையான ஒரு கருவி வேண்டும் என்று அடம்பிடித்தது ஒகாடா. வாக்குவாதம் நடந்தது. கடைசியில் யோகோய் விட்டுக்கொடுத்தார்.

சிப்ட்யூன்காரர்களைப் பொறுத்தவரை இந்த விட்டுக்கொடுப்பு சின்ன விஷயம் கிடையாது. அந்தக் கார்ட்ரிட்ஜ் துளை இல்லாமல் போயிருந்தால், வெளியே யாரோ எழுதிய இசை மென்பொருளை உள்ளே சொருக வழியே இருந்திருக்காது.

மூன்றாவது ஆள் ஹிரோகாசு தனாகா. 1980-ல் நின்டெண்டோவில் சேர்ந்த ஒலிப் பொறியாளர், இசையமைப்பாளரும்கூட. 'மெட்ராய்ட்' விளையாட்டின் இருண்ட இசை அவருடையது. கேம் பாயின் ஒலிப் பகுதியை வடிவமைத்ததிலும் முக்கியப் பங்கு அவருக்கு. கேம் பாய் டெட்ரிஸின் இசையும் அவர் கைவண்ணம்தான்.

யோகோய் பிடிவாதமாக நின்றது விலையிலும் பேட்டரியிலும். வண்ணத் திரை வேண்டாம் என்றார். அன்றைய வண்ணத் திரைகள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டாலே பார்க்கிறவர் அதைப் பனிமனிதனாகப் பார்த்துவிடுவார், மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் வாதம். திரைக்குக் கிடைத்தது நாலே நாலு சாயல், 160-க்கு 144 புள்ளிகள். உள்ளே இருந்த 8 பிட் சிப், ஷார்ப் செய்துகொடுத்தது; 70-களின் சிப் குடும்பத்தில் வந்த வாரிசு.

அந்தத் திரையே ஒரு கட்டத்தில் திட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. முதலில் தேர்வு செய்த எல்.சி.டி. வகை, நேராகப் பார்த்தால் தெளிவாகத் தெரியவில்லை. சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. யமாவுச்சிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதை யார் வாங்குவார்கள் என்ற நிலை. ஏற்பாடுகள் எல்லாம் வெகுதூரம் போய்விட்ட நேரம் என்பதால் யோகோய் நொந்துபோனார். வேறு வகைத் திரைக்கு மாறிய பிறகுதான் மூச்சு வந்தது.

1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் வெளியானது. விலை 12,500 யென். அதே ஆண்டு அமெரிக்காவில் அடாரி லின்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. மறு ஆண்டு சேகாவின் கேம் கியர், அதுவும் வண்ணம். போட்டி நிறுவனத்தின் கருவி பற்றி ஒரு சக ஊழியர் பதறிக்கொண்டு வந்து சொன்னபோது, யோகோய் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: அது வண்ணமா, கறுப்பு வெள்ளையா? வண்ணம் என்றதும் நிம்மதியாகிவிட்டார். கேம் கியருக்கு ஆறு பேட்டரி, சில மணி நேரம். கேம் பாய்க்கு நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் அநாயாசமாக ஓடும். பிற்பாடு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து விற்றது 11.8 கோடிக்கும் அதிகம்.

உறுதியிலும் சும்மா சொல்லக் கூடாது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிப்போன ஒரு கேம் பாய், வெளி உறை உருகிய பிறகும் வேலை செய்தது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் டெட்ரிஸ் ஓடிக்கொண்டே காட்சிக்கு இருந்தது.

நாலு குரல்

சரி, இதில் எப்படி இசை? கேம் பாய்க்குள் பதிவு செய்த பாட்டு எதுவும் இல்லை. ஒலியை அந்தந்த நொடியில் சிப்பே உருவாக்குகிறது. அதற்கு அதிகபட்சம் நான்கு குரல்கள்.

முதல் இரண்டும் சதுர அலை. மின்சாரத்தை ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று வேகமாக மாற்றினால் வரும் சத்தம். ஒரு நொடியில் 440 தடவை என்றால் ஒரு சுரம், 880 தடவை என்றால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் ஆன் நிலையில் இருக்கிறது என்பதை 12.5, 25, 50, 75 சதவீதம் என்று மாற்றலாம். 50 என்றால் உருண்டையான, குழல் மாதிரியான ஒலி. 12.5-க்கு இறக்கினால் மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்துவிடும். 75 வைத்தால் காதுக்கு 25 மாதிரியேதான் கேட்கும், அதனால் உண்மையில் மூன்று நிறம்தான். சத்தத்தின் அளவுக்கு 16 படிகள், அமைதியையும் சேர்த்து.

மூன்றாவது குரல் கொஞ்சம் சுதந்திரமானது. 32 புள்ளிகள் கொண்ட ஓர் அலையை நீங்களே வரைந்து கொடுக்கலாம். பெரும்பாலும் பேஸ் ஒலிக்கு இதைத்தான் பயன்படுத்துவார்கள். நான்காவது வெறும் இரைச்சல், பழைய டி.வி.யில் சிக்னல் போனால் வரும் 'ஷ்ஷ்' ஒலி. அதைத் துண்டு துண்டாக வெட்டினால் டிரம்ஸ்.

ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். கிதாரில் மாதிரி மூன்று சுரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றால்? ஒரு தந்திரம் உண்டு. ச, க, ப மூன்றையும் கிட்டத்தட்ட நொடிக்கு 60 மாற்றம் என்ற வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள். காது அதை ஒரே சேர்க்கையாக எடுத்துக்கொள்ளும், ஆனா அதில் ஒரு நடுக்கம், ஒரு மினுமினுப்பு இருக்கும். சிப்ட்யூன் என்று கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுகிற அந்த 'திரிர்ர்ர்' இதுதான். எதிரொலி வேண்டுமா? முதல் குரல் பாடியதையே இரண்டாவது குரலில் கொஞ்சம் தாமதமாக, சத்தம் குறைத்துப் பாட வைத்தால் ஆச்சு.

ஸ்பீக்கரில் கேட்டால் மோனோ. ஹெட்போன் செருகினால் ஸ்டீரியோ. ஒவ்வொரு குரலையும் இடது காதுக்கோ வலது காதுக்கோ இரண்டுக்குமோ அனுப்பலாம். மேடையில் பெரிய ஸ்பீக்கருக்கு ஒலி போவது அந்த ஹெட்போன் துளை வழியாகத்தான்.

சிவப்புத் திரை

யோகோயின் கதையில் அடுத்தது ஒரு சறுக்கல். 1995-ல் வந்த 'வர்ச்சுவல் பாய்'. மேசை மேல் நிறுத்திவைத்த பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணத்தில் விளையாட்டு தெரியும். சிவப்பு எல்.இ.டி.தான் அன்று மலிவு என்பதால் எல்லாமே சிவப்பும் கறுப்பும். கழுத்து வலி, கண் வலி என்று புகார். கையில் எடுத்துப் போகவும் முடியாது, குடும்பத்தோடு சேர்ந்து பார்க்கவும் முடியாது. சுமார் 7.7 லட்சத்தோடு நின்றுபோனது. ஜப்பானில் அது கடையில் இருந்ததே சில மாதங்கள்தான்.

இதில் அவர் தன் கணக்கையே மீறிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலிவு பார்த்துச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பழைய கணக்குதான். கேம் பாயில் வண்ணம் இல்லாததை மனசு நிரப்பிக்கொண்டது. இங்கே தலைவலியை எதை வைத்து நிரப்புவது? ஒரே சூத்திரம் இரண்டு முறை ஒரே விடையைத் தருவதில்லை.

1996 ஆகஸ்டில் நின்டெண்டோவை விட்டு விலகினார். 31 வருட வேலை. வர்ச்சுவல் பாய் தோல்விக்குத் தண்டனை என்று அன்றைக்கும் எழுதினார்கள், இன்றைக்கும் எழுதுகிறார்கள். யோகோய் அதை மறுத்தார். ஐம்பது வயதைக் கடந்ததும் தனியாகத் தொழில் தொடங்குவது வெகுநாளாகவே இருந்த திட்டம் என்றார். போவதற்குச் சற்று முன் கேம் பாயின் மெலிந்த வடிவமான கேம் பாய் பாக்கெட் வந்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான போக்கிமான், ஓய்வுபெற வேண்டிய வயதில் இருந்த அந்தக் கருவிக்குப் புது ரத்தம் பாய்ச்சியிருந்தது.

கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியை வடிவமைக்கும் வேலை நடந்தது. ஒரே ஒரு பேட்டரியில் ஓடும் 'வொண்டர்ஸ்வான்'.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு அதிவிரைவுச் சாலை. அவர் பயணம் செய்த கார், முன்னால் போன லாரியின் பின்புறத்தில் மோதியது. பெரிய அடி இல்லை. என்ன ஆச்சு என்று பார்க்க யோகோய் இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மேல் மோதியது. வயது 56.

வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் கடைக்கு வந்தது. அதற்காக அவர் உருவாக்கத்தில் பங்கெடுத்த புதிர் விளையாட்டுக்கு 'குன்பே' என்று அவருடைய பெயரையே வைத்தார்கள்.

அவர் போன பிறகு

1998. ஜெர்மனியில் ஹாம்பர்க் கலைக் கல்லூரி மாணவர் ஆலிவர் விட்சோவ், கேம் பாய்க்கு ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் நானோலூப். 16 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சுரம், சுற்றிச் சுற்றி ஓடும். எண்கள் கிடையாது, கோடுகளும் புள்ளிகளும்தான். 2000 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கொட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே'யைக் கொண்டுவந்தார். சுருக்கமாக எல்.எஸ்.டி.ஜே. இன்றைக்கும் கேம் பாய் இசைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் கைவைப்பது இந்த இரண்டில் ஒன்றில்தான். இரண்டையுமே நின்டெண்டோ விற்கவில்லை. ஆர்வலர்கள் எழுதி, எழுதித் துடைக்கக்கூடிய கார்ட்ரிட்ஜுகளில் ஏற்றிக்கொண்டார்கள்.

எல்.எஸ்.டி.ஜே. எப்படி இருக்கும்? முதல் திரையில் நான்கு நெடுவரிசை, நான்கு குரலுக்கும் ஒவ்வொன்று. பாட்டு என்பது சங்கிலிகளின் அடுக்கு. ஒரு சங்கிலிக்குள் சில சொற்றொடர்கள். ஒரு சொற்றொடருக்குள் 16 படிகள். ஒவ்வொரு படியிலும் எந்தச் சுரம், எந்த வாத்தியம், என்ன கட்டளை. எண்ணிக்கை 0-வில் தொடங்கி 9 வரை போய், அப்புறம் ஏ, பி, சி என்று எஃப் வரைக்கும் போகும். கணினிக்காரர்களின் பதினாறடிமானக் கணக்கு. ஏ பட்டனை அழுத்திக்கொண்டு கூட்டல் குறிப் பட்டனை மேலே தள்ளினால் சுரம் ஏறும், கீழே தள்ளினால் இறங்கும். மொத்தம் இருப்பதே திசைப் பட்டனும் நாலு பட்டனும்தான்.

இந்தக் கட்டுரைக்காக போனில் ஓர் எமுலேட்டர் போட்டு முயற்சி செய்து பார்த்தேன். முதல் அரை மணி நேரத்தில் கிடைத்தது, மைக்ரோவேவ் அடுப்பு முடிந்ததும் வரும் 'பீப்' மாதிரி மூன்று சத்தம். இரண்டாவது நாள் ஒரு பேஸ் வரியும், அதுக்கு மேலே தட்டுத்தடுமாறி ஒரு மெட்டும். கண்ணாடித் திரையைத் தொட்டுச் செய்வது கஷ்டம். இதுக்கு நிஜமான பட்டன் வேண்டும் என்று அப்போது புரிந்தது.

நிஜமான கருவியிலும் பழைய, கனமான, சாம்பல் நிற முதல் கேம் பாயைத்தான் பலர் தேடிப் பிடிக்கிறார்கள். அதில் பேஸ் ஒலி கனமாக விழுகிறது. உள்ளே இருக்கும் உதிரிபாகங்கள் பெரிசு பெரிசாக இருப்பதால் சாலிடரிங் தெரிந்தவர் எளிதாகக் கைவைக்கலாம். ஹெட்போன் பெருக்கிக்குப் போவதற்கு முன்பே ஒலியைத் தனிக் கம்பியில் வெளியே எடுத்து, இரைச்சலைக் குறைத்துக்கொள்கிறார்கள். இருட்டு மேடையில் எண்கள் தெரிய, திரைக்குப் பின்னால் விளக்குப் பொருத்துகிறார்கள். இரண்டு கேம் பாயைக் கேபிளில் இணைத்தால் இரண்டும் ஒரே தாளத்தில் ஓடும், நாலு குரல் எட்டாகும். டெட்ரிஸில் ஒருவரோடு ஒருவர் மோதிய அதே கேபிள்.

ஒரு பயமும் உண்டு. பழைய வகைக் கார்ட்ரிட்ஜில் பாட்டெல்லாம் நினைவில் நிற்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரியின் தயவில். அது தீர்ந்த அன்று பாட்டும் போச்சு. அனுபவப்பட்டவர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது பேக்கப் எடுப்பதைத்தான்.

2003-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முன்னாள் மேலாளர் மால்கம் மெக்லாரன் இதுதான் அடுத்த பங்க் என்று கிளம்பினார். வருடக்கணக்கில் இதில் இருந்த சிப்ட்யூன்காரர்கள் சிலருக்கு அதில் எரிச்சல்தான் மிச்சம். 2006-ல் நியூயார்க்கில் பிலிப் என்ற பெயரில் சிப்ட்யூனுக்கென்றே ஒரு விழா தொடங்கியது. 2012-ல் வந்த 'சூப்பர் ஹெக்ஸகன்' என்ற போன் விளையாட்டை ஆடியவர்களுக்கு அதன் விறுவிறுப்பான இசை நினைவிருக்கும். வட அயர்லாந்தைச் சேர்ந்த சிப்செல், கேம் பாயில் அமைத்த இசை அது. ஸ்மார்ட்போன் விளையாட்டுக்கு 1989-ம் வருடக் கருவியிலிருந்து பாட்டு!

யோகோய் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது சுலபம், அதனாலேயே ஊகிக்க விருப்பம் இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த இன்னொருவர் கேட்டார். கேம் பாயின் ஒலியை வடிவமைத்த ஹிரோகாசு தனாகா நின்டெண்டோவை விட்டுப் போய், போக்கிமானோடு தொடர்புடைய க்ரியேச்சர்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். அலுவலக வேலைக்கு நடுவே மறுபடியும் மெட்டுப் போடத் தொடங்கினார். 2017-ல், அறுபது வயதை நெருங்கும்போது, 'ஜாங்கோ' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அட்டையில் அவர் போட்டுக்கொண்ட பெயர், சிப் தனாகா.